தூக்கிய குளம்பு

எழுபது டாலர் என்று போட்டிருந்தது.
டாலரைப் பேசோவாக்கி
அதன் தலையில் வரியை ஏற்றி
வங்கியும் புறங்கையை நக்கியபின்
என் மூன்று இரவுச் சம்பளம்.

மூன்று இரவென்றால்
பன்னிரண்டு கை, இருபத்து நான்கு ஊசி.
சிறுநீரகம் கைவிட்டவர்களின் ரத்தத்தை
நான்கு மணி நேரம் வெளியே சுற்றவிட்டு
உள்ளே அனுப்பும் வேலை.

பஹியா பிளாங்காவில் காற்று
கதவைத் தட்டுவதில்லை, தள்ளும்.
தள்ளிக்கொண்டு வீடு வரும்போது ஆறரை.
கணினியைத் திறப்பேன்.
விலையைப் பார்ப்பேன்.
மூடுவேன்.
இப்படியே இலையுதிர்காலம் போயிற்று.

என் மகன் சிரோ ஆடுவது இலவசம்.
"ஒரு பைசா இல்லம்மா" என்றான்.
அட்டைக் கணக்கைக் கூட்டிப் பார்த்தேன்:
ஒரு தங்க முகமூடி,
தீப்பிடித்த செருப்பு,
இடுப்பை ஒடித்து ஆடும் ஒரு நடனம்.
ஐந்து மாதத்தில் நூற்றுப்பத்து டாலர்.
நடனம்கூட விலைக்கு வருகிறது.
வீட்டில் அவன் ஆடி நான் பார்த்ததேயில்லை.

சாப்பிடக் கூப்பிட்டால்
"நிறுத்த முடியாதும்மா, ஆளுங்க இருக்காங்க."
யார் அந்த ஆளுங்க என்று கேட்டேன்.
அவனுக்கும் தெரியாது.
சூப் ஆறிப்போகும்.

ஏழாம் நாற்காலி லிசாந்த்ரோ
தானியக் கிடங்கில் லாரிக்கு எடை போடுகிறவன்.
வெளிவந்த அன்றைக்கே முழு விலை கொடுத்து வாங்கிவிட்டான்.
"ஜூலையில் பாதி விலைக்கு வந்திருக்குமே" என்றேன்.
குழாய் பொருத்திய கையைச் சற்றே தூக்கிக் காட்டினான்.
அதற்குமேல் அவனும் பேசவில்லை,
நானும் ரத்த அழுத்தம் பார்க்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது கணக்கோடு இருந்தான்:
"அறுபது மணி நேரம், கிரி.
மணிக்கு ஒரு டாலர் சொச்சம்.
சினிமாவை நினைச்சுப் பாரு."
அறுபதில் நாற்பது மணி நேரம்
சும்மா குதிரையில் போவதாமே, அதற்கும் காசா?
"அதுக்குத்தான் காசு."

அவன் கணக்கு எனக்கு ஒட்டவில்லை.
நேரத்தை நிறுத்து வாங்க
அது கோதுமையா என்ன?

ஆனாலும் ஓஹிக்கின்ஸ் தெருக் கடையில்
குறியீட்டு அட்டை வாங்கினேன்.
வட்டியில்லாமல் மூன்று தவணை.
இரவுக்கு ஒரு தவணை என்று நினைத்துக்கொண்டேன்.
"மூணாவது வர்றதுக்குள்ள பேசோ மெலிஞ்சிடும்,
அதுவும் தள்ளுபடிதான்" என்று
ஏழாம் நாற்காலி சிரித்தது.

முதல் நாள் குதிரையேறி
புல்வெளியில் இரண்டு மணி நேரம் திரிந்தேன்.
கொல்லச் சொன்னவனைக் கொல்லவில்லை.
யாரும் திட்டவில்லை.
என்னைத் தவிர யாருமே இல்லை அங்கே.

மூன்றாம் நாள், மழை, மரப்பாலம்,
பாதி தாண்டியிருப்பேன், போன் அடித்தது.
ஒரு செவிலி வரவில்லை, நீ வர முடியுமா.

ஒரு பொத்தானை அமுக்கினேன்.

மழை அந்தரத்தில் நின்றது.
ஆறு நின்றது.
முன்னங்கால் ஒன்றைத் தூக்கியபடி
குதிரை நின்றது.

மருத்துவமனையில் அப்படியொரு பொத்தான் கிடையாது.
இயந்திரத்தை நிறுத்தினால் ரத்தம் உறையும்.
பேசோவுக்குக் கிடையாது.
சிரோவின் அந்த ஆளுங்களுக்கும் கிடையாது.
அவன் மீசை முளைப்பதையும்
நான் எந்தப் பொத்தானால் நிறுத்த?

பதினாலு மணி நேரம் கழித்து வந்தேன்.
மேலங்கியைக் கழற்றவில்லை இன்னும்.
திரையில் அதே பாலம்.
குளம்பு தூக்கியபடியே இருக்கிறது.

இரண்டாம் தவணை வெள்ளிக்கிழமை.
கேட்டால் கொடுப்பேன்,
இன்னும் கொஞ்சம் கூட்டிக் கேட்டாலும்.
கடைக்காரனிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள்.

இரு, குதிரையே.
மாத்தேவுக்கு வெந்நீர் வைத்துவிட்டு வருகிறேன்.
அப்புறம் காலைக் கீழே வைக்கலாம்.